மருதம்பிலவு மலையை இடம் வருதல்

கோயிலென்றால் வலம் வரவேண்டும்.
இது கோயிலில்லை.
தவமலரும் நானும் இடப்பக்கமாகவே தொடங்குவோம்.
தெற்கு ஏற்றம் நெஞ்சை முட்டும்,
அதை முதலில் முடித்துவிட்டால்
மிச்சமெல்லாம் நிழல்.

நெடுங்கேணியிலிருந்து சைக்கிள்.
முதிரையடியில் இரண்டையும் ஒரே சங்கிலியில் பூட்டிவிட்டு
ஐந்தே முக்காலுக்கு நடை.
எட்டரைக்குச் சுற்றி வந்துவிடலாம்.

முதல் தடவை சுற்றி முடிக்க
மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆனது.
முழங்காலில்.
ஒரு மீற்றர் அகலம், நாளொன்றுக்கு ஏழெட்டு மீற்றர்,
முகக்கவசத்துக்குள்
விட்ட மூச்சையே திரும்பத் திரும்பக் குடித்து.

அப்போது நான் மலையைப் பார்த்ததில்லை.
பார்த்தது ஒரு முழம் மண்.
அதில் எறும்பு, ஆணி, மீன்பேணி மூடி,
அடுத்த முழத்தில் அது.
வீரையின் வேர் விட்டுக்கொடுக்காது,
விளாவின் வேர் வாசம் அடிக்கும்,
இவ்வளவும் தெரியும்.
மேலே அந்த மரங்களுக்கு என்ன முகமென்று
வேலை முடிந்து சம்பளம் நின்ற பிறகுதான்
அண்ணாந்து பார்த்தேன்.

ஆவணியில் கச்சான்.
சுடுகாற்று பாறையை நக்கி நக்கி ஏறும்.
கைவைத்த இடத்தில் கை நிற்காது.
உச்சியிலிருந்து பார்த்தால்
குளமிருந்த இடத்தில் வெடித்த சேறு,
நடுவில் நான்கு யானை
ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கும்.
தவமலர் தண்ணீர்ப் போத்தலைப் பாதியில் நிறுத்தி
மூடி வைப்பாள்,
கீழே ஏதோ தன்னைப் பார்ப்பதுபோல.

கார்த்திகையில் வேறு மலை.
பாசி பிடித்த படிவில் நாலு காலாலும் ஏறினோம்.
மீண்டும் முழங்கால், இம்முறை சிரிப்புக்கு.
வடக்குச் சரிவில் ஓடைக்குத் தொண்டை திறந்திருந்தது.
சூரைப்பற்றையில் சுற்றி
அந்தப் பூ,
சுடர் சுடராய்,
மஞ்சள் அடி, சிவப்பு நுனி.
இருவருக்கும் பெயர் தெரியும்.
மழை கூடுது என்றாள்.
ஓம் என்றேன்.

மாசியில் போகவில்லை. எனக்குக் காய்ச்சல்.
அவள் தனியே போய்
காயா பூத்திருக்கு, நீலம் நீலமாய், என்று
போனில் சொன்னாள்.
மூன்று நாள் எனக்குக் கோபம்.

எந்த மாதமானாலும் ஒன்று மாறாது:
அவள் முன்னே, நான் பின்னே.
பக்கத்தில் பக்கத்தில் நடந்ததில்லை.
யாரும் நட்டுவைக்காத தடிகளுக்கு நடுவே,
ஒரு மீற்றருக்குள்,
அவள் அடி வைத்த இடத்தில் என் அடி.

வைகாசி.
மேற்கு இறக்கத்தில்
இரவு கரடி முறித்துப் போட்ட பாலைக்கொப்பு.
பழம் மஞ்சள் மஞ்சளாய்.
பாதையிலிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டு.
தவமலர் செருப்பைச் சரிசெய்தாள்,
ஒரு சொல்லும் சொல்லாமல்
சருகுக்குள் இறங்கினாள்.

நில் என்று கத்தினேன்.
என் குரலில்லை அது, பழைய விசில்.
காட்டுக்கோழியொன்று பற்றைக்குள் அடித்துக்கொண்டு ஓடியது.

அவள் நின்றாள். திரும்பினாள்.
"இது ஆற்ற பகுதி?"

மேற்கு பதினேழு.
என்னுடையது.
இந்நிலம் பாதுகாப்பானது என்ற தாளில்
என் கையெழுத்து.
அதை நம்பித்தான் மாடு மேய்கிறது,
தேனெடுக்கிறவன் சுருட்டோடு போகிறான்,
பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து
ரொபித்தாள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
போகாதது என் கால் மட்டும்.

"உன்ர கையெழுத்துத்தானே," என்றாள்
வாய்க்குள் பழத்தோடு.

இடது காலை வைத்தேன்.
சருகு நொறுங்கியது,
சருகு நொறுங்குகிற அளவுக்கு மட்டும்.
பிறகு வலது.

கொப்படியில் குந்தியிருந்து
இரு கையாலும் பொறுக்கித் தின்றோம்.
பாலைப்பால் உதட்டோடு உதட்டை ஒட்டிவிட்டது.
சைக்கிள் வரைக்கும்
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.